புகை கொஞ்சம் அதிகம்

ஆறுநூறில் ஒன்று என்பது என் கணக்கு.
நானூறு அடிச் சரக்குக் கப்பல்
எட்டு அங்குலத்துக்குள் வந்து நிற்கும்.
மனிதன் மூன்று மில்லிமீட்டர்,
அதுவும் தொப்பியைச் சேர்த்தால்.

சவுத் ஷீல்ட்ஸில், மீன் வறுக்கும் கடைக்கு மேல் என் அறை.
பகலில் பேருந்துகளுக்கு பிரேக் பார்க்கிறேன்.
இரவில், யாரோ தூக்கியெறிந்த வரைபலகையின் மரத்தில்
ஹெதர்ஸ்லா என்ற கப்பலைச் செதுக்குகிறேன்.
கடையில் இதற்குப் பெட்டி கிடையாது,
ஒட்டிச் சேர்க்க வார்த்த பாகம் ஒன்றும் கிடையாது.
இருப்பவை இரண்டு புகைப்படங்கள்.
ஒன்றில் பாதிக் கப்பலை கிரேன் மறைக்கிறது.

உடம்பின் தகடுகளுக்கு சிகரெட் தாள்.
காற்றுக்குழாய்களுக்குச் செம்புக் கம்பி,
நுனியில் ஒரு சொட்டுப் பசை,
உலருமுன் ஊசியால் குழித்துவிட வேண்டும்.
பன்னிரண்டு செய்தேன்,
எண்ணினால் பதினொன்று.
மற்றது கம்பளத்தில் கிடக்கிறது,
அல்லது என் காலுறையில் ஏறி வேலைக்குப் போயிருக்கிறது.

கடல்தான் படுத்தும்.
ப்ளைவுட்டில் புட்டியைப் பரப்பி
தேக்கரண்டியின் முதுகால் அழுத்த அழுத்த
மெல்ல வட கடல் வரும்.
நீலம் பூசினால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.
ஆறிப்போன தேநீரில் ஈயம் கரைந்த நிறம் அது.
விதி ஒன்றுதான்: காற்று ஒரே திசையில் அடிக்கவேண்டும்.
அலை ஒருபக்கம், கொடி மறுபக்கம் என்றால்
ஐந்து மாத வேலை
குளியல்தொட்டிப் பொம்மையாகிவிடும்.

செய்யச் சொன்னவர் நாதிரா முக்பில்,
பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை அவருடையது.
தந்தை ஏமன் மலையிலிருந்து இறங்கி
ஏடனில் கப்பலேறியவர்.
ஹெதர்ஸ்லாவில் ஏழு வருடம்.
பார்க்க வந்தவர் படகுகளைப் பார்த்தார்,
பாரந்தூக்கிகளை, கேப்டன் அறைக் கதவை.
"அப்பா எங்கே நிற்பார்?"
"என்ன வேலை?"
"கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது."

எனக்கு வாய் எழவில்லை.
நீர்க்கோட்டோடு அறுத்த கப்பல் இது.
அதற்குக் கீழே அடுப்பு இல்லை, ஏணி இல்லை,
ஒரு பூச்சுப் பசை, பிறகு பலகை.
அவர் ஏழு வருடம் நின்ற இடத்தை
முதல் நாளே ரம்பத்தால் அறுத்து
குப்பையில் போட்டிருந்தேன்.

அன்றிரவு, ஒருநாளும் செய்யாததைச் செய்தேன்.
புகை.
பஞ்சுப் புகை வைத்த கப்பல்களைப் பார்த்து,
உள்ளே தலையணை கிழிந்துவிட்டதா என்று
கேட்டுச் சிரித்தவன் நான்.
பஞ்சைப் பிரித்தேன், பென்சில் கரியில் புரட்டினேன்,
அலை சொன்ன திசையில் சாய்த்தேன்.
கறுப்பு. கனம். பின்தளம் தாண்டி அரைச் சாண்.
கீழே ஆள் இருப்பது
தெருவுக்கே தெரியும்.

நாதிரா குனிந்தார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார்.
"இது தெரியாதவன் வளர்த்த தீ," என்றார்.
"கரியை மொத்தமாகக் கொட்டினால் இப்படித்தான் வரும்.
அப்பா தூவுவார். உப்புப் போடுகிற மாதிரி.
புகைபோக்கி சும்மா இருப்பதுபோல இருக்கணும்,
கப்பல் ஓடணும்.
எவனாவது கறுப்பாக விட்டுக்கொண்டு போனால்
வாசலில் நின்று சிரிப்பார்.
புகை கொஞ்சம் அதிகம்."

இடுக்கியை எடுத்தேன்.
ஓர் இழை உருவினேன். இன்னோர் இழை.
"இன்னும்," என்றார்,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.
கீழே கடையில் எண்ணெய்ச் சட்டியை அணைத்தார்கள்.
"இன்னும்."
கடைசியில் மிஞ்சியது
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற ஒரு மங்கல்.
"ம்," என்றார். அவ்வளவுதான்.

அவர் போனபின்
தொலைந்த காற்றுக்குழாயைப் புதிதாகச் செய்தேன்.
படம் பார்த்து இடம் தேடினால்
அது கொதிகலன் அறைக்குக் காற்று இறக்குவது.
பசை இறுகுமுன்
அதன் வாயைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்தேன்.
கீழே வெக்கையாக இருக்கும்.